பின்கதவு உள்ளிருந்து திறக்காது

பழைய போலீஸ் வண்டி என்று சொல்லிக்கொண்டு யாராவது ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினால், அவள் முதலில் வண்டியைச் சுற்றிப் பார்க்க மாட்டாள். பின்கதவைத் திறந்து, "உள்ள உட்காருங்க," என்பாள். வண்டிக்காரரும் ஏதோ உபசாரம் என்று நினைத்துக்கொண்டு, சட்டையைச் சரிசெய்தபடி உட்காருவார். கதவைச் சாத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். "இப்ப இறங்கி வாங்க," என்பாள்.

அவர் பாட்டுக்கு இறங்கி வந்துவிட்டார் என்றால் முக்கால்வாசி கதை முடிந்தது. கைதியை ஏற்றிப்போகிற வண்டியின் பின்கதவு உள்ளிருந்து திறக்கக் கூடாது. திறந்தால் அது போலீஸ் வண்டியா, உல்லாசப் பயணம் போகிற வண்டியா? வண்டி புதிதாக வந்ததுமே காவல்துறைப் பணிமனையில் பின்கதவின் உள்கைப்பிடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து ரிவெட் அடித்துவிடுவார்கள். போலி செய்கிறவர்களுக்கு இது மட்டும் நினைவுக்கு வராது. தலையில் சுழல்விளக்கு வைப்பார்கள், சைரன் வைப்பார்கள், எங்கிருந்தோ ஒரு பழைய வயர்லெஸ் பெட்டியைப் பிடித்துவந்து திருகுவார்கள். பின்சீட்டில் தங்கள் பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள் அல்லவா, அதனால் கைப்பிடி மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்துக்கொண்டிருக்கும்.

வண்டி அசலா போலியா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது அவள் தொழில்; பழைய கார் சேர்க்கிற கூட்டத்தில் அவளுக்கு 'சுரண்டி' என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் சுரண்டி. கையில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பாள். கதவுக் கீலுக்கு அடியில், யார் கண்ணும் படாத இடத்தில், பெயின்டை மெல்லச் சுரண்டுவாள். மேலே சிவப்பு, அதன் கீழே சாம்பல், அதற்கும் கீழே போலீஸ் நீலம் வந்தால் தலையாட்டுவாள். வராவிட்டால் அதற்கும் தலையாட்டுவாள், ஆனால் அது வேறு மாதிரி ஆட்டல். பிறகு கூரையைத் தடவுவாள். சுழல்விளக்கு இருந்த இடத்தில் துளையை ஈயம் வைத்து அடைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். போலிக்காரன் நேற்று போட்ட துளையென்றால் ஓரம் மின்னும். அப்போது அவள் சொல்கிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சும்மா சொல்லக்கூடாது, வாயும் கொஞ்சம் சுரண்டுகிற வாய்தான்.

இந்த வேலைக்கு வருமுன் பல வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். எவனோ தானாகப் போய் மரத்தில் முட்டியிருப்பான். லாரி வந்து இடித்துவிட்டது என்று அழுவான். அவள் அவன் கண்ணீரைப் பார்க்க மாட்டாள், நசுங்கிய தகட்டைப் பார்ப்பாள். அடி எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்று தகடு ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும். இப்படியே பார்த்துப் பார்த்து மனிதர்களிடமும் அந்தப் பார்வை வந்துவிட்டது. கட்டிக்கொண்டவன், "நீ யாரையுமே நம்ப மாட்டேங்கிற," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் சொன்னது முழுக்க உண்மையில்லை. அவள் ஒரே ஒருவரை நம்பினாள். அது அவளுடைய அப்பா.

அப்பா போலீஸ் டிரைவராக இருந்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார், மூச்சு இரைக்கும், ஆனால் புத்தி தெளிவு. மாடிவீட்டில் அவரும் மகளும்தான். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் அப்பா பேப்பரில் வந்திருந்தார். கைதான ஒரு கொள்ளைக்காரன், வண்டி ஓடும்போதே பின்கதவை உதைத்துத் திறந்து குதித்தானாம். ஒளித்து வைத்திருந்த துப்பாக்கியால் வண்டியைச் சுட்டானாம். குண்டு கதவைத் துளைத்ததாம். அப்பா வண்டியை மடக்கி வழியை மறித்தாராம், இன்ஸ்பெக்டர் திருப்பிச் சுட்டாராம், அவன் அங்கேயே செத்தானாம். இரண்டு பேருக்கும் மெடல். பள்ளிக்கூடத்தில் அவளைப் பெஞ்சின் மேல் ஏற்றிக் கைதட்டினார்கள்.

இந்தக் கதையை அப்பா வாயால் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சித்தப்பாதான் சொல்வார். வீட்டில் நாலு பேர் கூடிவிட்டால் போதும், சித்தப்பா கையைத் துப்பாக்கியாக நீட்டிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். அப்பா எழுந்து கைகழுவப் போய்விடுவார். மெடல் எங்கே என்று கேட்டால், "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்," என்பார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கெஞ்சிக் கூத்தாடி ஸ்டோர் வேலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். ஸ்டீயரிங்கைத் தொடவேயில்லை. பிறத்தியார் வண்டியிலும் ஏற மாட்டார். எங்கே போனாலும் நடைதான். கண் சரியில்லை என்று அம்மா சொன்னாள். அம்மா போன பிறகு அப்பாவும் அதையே சொன்னார். மகள் நம்பினாள். ஊர் உலகத்து வண்டியையெல்லாம் சுரண்டிப் பார்க்கிறவள், வீட்டில் இருக்கிறதைச் சுரண்டவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. அப்பாவின் சட்டைகளில் பட்டன் நிற்காது. மாதம் தவறாமல் ஒன்று பிய்ந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தெருத் தையல்காரரை விட்டுவிட்டு, அதற்கடுத்தவரையும் விட்டுவிட்டு, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வயதான அம்மாள் வைத்திருக்கும் தையல் கடைக்கு மூச்சிரைக்க நடந்து போவார். ஒருநாள் அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நல்ல பட்டனைத் திருகித் திருகிப் பிய்ப்பதை அவளே பார்த்துவிட்டாள்.

"என்னப்பா இது, இந்த வயசுல அந்தத் தையலக்கா மேல ஒரு கண்ணா?" என்று சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. அவளும் பெரியவருக்குக் கூச்சம் என்று எண்ணி விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் பேக்கரிக்காரர் வந்தார். ஊரில் பெரிய பேக்கரி அவருடையது. நல்ல மனுஷர், வாய் நிறையச் சிரிப்பு, சட்டைக்கையில் எப்போதும் மாவு. எங்கோ ஒரு கொட்டகையில் கிடந்த கறுத்த வண்டியைத் தேடிப்பிடித்து வாங்கியிருந்தார். விற்றவன் அந்தக் கொள்ளைக்காரன் கதையைச் சொல்லித்தான் விற்றிருக்கிறான். கதவுத் துளையைப் பணிமனையில் அடைத்துப் பூசியிருந்தார்களாம். விற்றவன் பூச்சைச் சுரண்டி எடுத்துத் துளையைத் திறந்து காட்டியிருக்கிறான். துளைக்குத்தானே மதிப்பு.

"புதுக் கடை வாசல்ல கண்ணாடிக்குள்ள நிறுத்தப் போறேன் மேடம். பக்கத்துல உங்கப்பாவ நிக்க வெச்சு ஒரு போட்டோ. கீழ நீங்க குடுக்கற சான்றிதழ். ஒரே குடும்பம், எப்படி இருக்கும் சொல்லுங்க," என்றார்.

சொந்த அப்பா ஓட்டிய வண்டிக்கு மகளே சான்று கொடுப்பது முறையில்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பெஞ்சின் மேல் நின்ற அந்தப் பெண்பிள்ளை உள்ளே இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். வேறு எவனாவது பார்த்து, போலி என்று வாய்க்கு வந்ததை எழுதிவிட்டால்? தானே பார்த்துவிடுவது என்று கிளம்பினாள். அப்பாவிடம் சொல்லவில்லை. சான்றிதழோடு வந்து சொன்னால் கிழவர் முகத்தைப் பார்க்கலாம் என்று ஒரு ஆசை.

பேக்கரிக்குப் பின்னால் மாவு மூட்டை இறக்குகிற கொட்டகையில் வண்டி நின்றது. அன்றைக்கு அவள் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டாள். பின்சீட்டுச் சோதனையைக் கடைசிக்குத் தள்ளிவைத்தாள். வண்டி தோற்றுவிடக் கூடாதே என்று பயம். கீலுக்கு அடியில் சுரண்டினாள். கறுப்பு, சாம்பல், நீலம். கூரையைத் தடவினாள், ஈயம் அடைத்த நாலு இடமும் விரலில் தட்டின. டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தாள்; வயர்லெஸ் பெட்டியைத் தாங்கிய இரும்புப் பட்டையின் தழும்பு இருந்தது. முன்சீட்டுக்கு அடியில் பணிமனை எண்ணைக் குத்தியிருந்தார்கள். பேப்பரில் வந்த படத்தில் வண்டியின் மேல் எழுதியிருந்த அதே எண். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி பட்டதுபோல் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் சரியா இருக்கு. கடைசியா ஒண்ணு. டிரைவருக்குப் பின்னாடி, வலது பக்கம் உட்காருங்க," என்றாள்.

பேக்கரிக்காரர் உற்சாகமாக உட்கார்ந்தார். அவள் கதவைச் சாத்தினாள்.

"இங்கதான மேடம் அவன் உட்கார்ந்திருந்தான்? இந்தக் கதவத்தான் ஒரே உதை. குபீர்னு திறந்திருக்கும். வெளிய பாஞ்சு அந்தப் பக்கம் ஓடியிருப்பான்," என்று உள்ளிருந்தே நடித்துக் காட்டினார். காலைத் தூக்கி உதைக்கவும் உதைத்தார், செருப்புக்கால் ஆயிற்றே என்று மெதுவாக. பிறகு கதவைத் தடவினார். கைப்பிடி இல்லை. தகடும் ரிவெட்டும்தான். "அட, திறக்கலையே. திறங்க மேடம்."

அவள் கை வெளிக்கைப்பிடியில் இருந்தது. திறக்கவில்லை.

"மேடம், புழுங்குது."

இந்த வண்டி நிஜம். இதைவிட நிஜமான போலீஸ் வண்டியை அவள் பார்த்ததில்லை. பின்கதவு உள்ளிருந்து திறக்காது. திறக்காதென்றால் அவன் எப்படி இறங்கினான்? ஊரில் எத்தனையோ பேரைக் கேட்ட கேள்வியை அவள் இந்த ஒரு கதைக்குக் கேட்கவேயில்லை.

கதவைத் திறந்து அவரை இறக்கினாள். உதைத்துத் திறந்தது என்றால் பூட்டு நெளிந்திருக்கும், கீல் வளைந்திருக்கும். பூட்டு பழையது, கீல் பழையது, ஒன்றிலும் ஒரு கீறல் கிடையாது. கதவின் உள்பக்கத்து அட்டையை நெம்பிக் கழற்றினாள். வெளித்தகட்டை எவனோ சுத்தியால் தட்டிச் சமன் செய்திருந்தான். ஆனால் அட்டைக்குப் பின்னால் இருந்த உள்தகட்டை யாரும் தொடவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம். அதிலும் ஒரு துளை. வெளியிலிருந்து குண்டு வந்திருந்தால் அதன் விளிம்பு சீட்டுப் பக்கம் பிதுங்கியிருக்க வேண்டும். இது கதவுக்குள்ளே மடங்கியிருந்தது. அவள் விரலை வைத்துப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள்.

பையிலிருந்து ஒரு நீளக் கம்பியை எடுத்து வெளித்துளை வழியாக விட்டு, உள்துளை வழியாகக் கொண்டுவந்தாள். கம்பியின் முனை பின்சீட்டைக் குறுக்காகக் கடந்து, டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த முன்சீட்டைக் காட்டிக்கொண்டு நின்றது. அது இன்ஸ்பெக்டர் உட்கார்கிற இடம். அதற்கும் துளைக்கும் நடுவில், டிரைவரின் முதுகுக்குப் பின்னால், கைதி உட்கார்ந்திருந்த இடம்.

பேப்பரில் வந்த கதைக்கு மூலமான போலீஸ் அறிக்கையை எழுதியது இன்ஸ்பெக்டர்தான். அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லை. உட்கார்ந்திருந்தால் கதவை உதைத்துத் திறந்தான் என்று எழுதியிருக்க மாட்டார்.

"என்ன மேடம், ஒரிஜினல்தானே?" என்று கேட்டார் பேக்கரிக்காரர்.

"ஒரிஜினல்தான்," என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. 'குண்டுத் துளை உண்மையானது' என்று எழுதிவிட்டால் போதும். அதில் பொய் ஒன்றும் இல்லை. எந்தப் பக்கமிருந்து என்று யாரும் கேட்கப் போவதில்லை. கிழவர் இன்னும் எத்தனை நாள் இருக்கப் போகிறார், மெடல்காரராகவே போகட்டும். இப்படி எழுதச் சொல்லி எத்தனை பேர் அவளிடம் கெஞ்சியிருக்கிறார்கள், அத்தனை பேரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டு அனுப்பியிருக்கிறாள். இப்போது தனக்கென்று வந்ததும் பூசி மெழுகத் தோன்றுகிறதே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அப்பா சாயங்கால வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சட்டை.

"உங்க வண்டியப் பார்த்துட்டு வரேன்," என்றாள்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். எந்த வண்டி என்று கேட்கவில்லை.

"பின்கதவு உள்ளேருந்து திறக்கலப்பா."

"திறக்காது," என்றார். "நான்தான் திறந்து விட்டேன்."

அவள் எதிரே உட்கார்ந்தாள். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அடைத்து வைத்திருந்தது தானாக வந்தது.

"வழியில இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிள இறங்கி நடந்து வாடான்னாரு. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும் பாப்பா. பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டிய ஓரங்கட்டுன்னாரு. கட்டினேன். திரும்பி ஒரு வெடி. என் முதுகுக்குப் பின்னாடி. காது அடைச்சுப் போச்சு. இறங்கிக் கதவத் திறன்னாரு. திறந்தேன். அவன் அப்படியே எம்மேல சாஞ்சான். உசுரு இருந்துச்சு."

அப்பா சட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"'அண்ணே, ஆஸ்பத்திரி'ன்னான். வேற ஒண்ணும் கேக்கல. ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கந்தான். இன்ஜினக்கூட நான் நிறுத்தல, ஓடிக்கிட்டுதான் இருக்கு. அவனக் கீழ படுக்க வெச்சிட்டு ஓரமா போய் நில்லுன்னாரு. போய் நின்னேன். அடங்கற வரைக்கும் நின்னேன்."

"அவன் என்னப்பா பண்ணான்?"

"எனக்கு என்ன தெரியும். ஏத்துன்னாங்க, ஏத்தினேன். சைக்கிள் கடையில வேலை பார்த்த பையன். கையில கிரீஸ் அப்பியிருந்துச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நான் டிரைவர் பாப்பா. எனக்குத் தெரிஞ்சது ஓட்டறது ஒண்ணுதான். அன்னிக்கு ஓட்டல."

அவளுக்கு அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சின் மேல் நின்று வாங்கிய கைதட்டலெல்லாம் இப்போது காதில் கேட்டது, கேட்கவே கூசியது.

"அந்தத் தையல்கடை அம்மா," என்றார் அப்பா. "அவனோட அக்கா. கொள்ளைக்காரன் அக்கான்னு அவள யாரும் கட்டிக்கல. சொல்லிடணும்னுதான் போறேன். ஒவ்வொரு தடவையும் படியேறும்போது சொல்லிடணும்னுதான் ஏறுவேன். என்ன ஐயா வேணும்னு கேப்பா. பட்டன்னு சொல்லிருவேன்."

மறுநாள் அறிக்கையை எழுதினாள். வண்டி உண்மையான காவல்துறை வண்டி. பின்கதவுகள் உள்ளிருந்து திறக்கா. வலது பின்கதவை உதைத்துத் திறந்ததற்கான தடயம் எதுவும் இல்லை. குண்டு முன்சீட்டிலிருந்து, வண்டிக்கு உள்ளேயிருந்து வெளியே போயிருக்கிறது. கீழே கையெழுத்துப் போட்டு, டிரைவர் தன் தகப்பனார் என்பதையும் எழுதினாள்.

படித்துவிட்டுப் பேக்கரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "இத எப்படி மேடம் கடை வாசல்ல மாட்டறது? குழந்தைங்க கேக் வாங்க வர இடம். அந்த ஒரு வரிய மட்டும் விட்டுடுங்களேன்," என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே பரிதாபமாகக் கேட்டார். அவள் முடியாது என்றாள். அவர் வேறொருவரைக் கூப்பிட்டார். அந்த வேறொருவர் அரைமணி நேரத்தில் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் அந்த வண்டி கண்ணாடிக்குள் நிற்கிறது. கொள்ளையன் சுட்ட துளை என்று சிவப்பு அம்பு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று விரலை விட்டுப் பார்க்கிறார்கள்.

அப்பாவை அவள் தையல்கடைக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஆட்டோ கூப்பிடட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். மார்க்கெட்டைக் கடப்பதற்குள் பல இடங்களில் நின்று நின்று போனார்கள். அவர் கக்கத்தில் மடித்த சட்டை. இன்றைக்கு அது எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வெறுங்கையோடு அந்தப் படி ஏற அவருக்குத் தெரியாது, பாவம்.

சின்னக் கடை. ஒரு மிஷின், சுவரில் கம்பியில் தொங்கும் பாவாடைகள், ஒரு மர ஸ்டூல். தையலக்கா கழுத்தில் அளவு நாடாவோடு குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரை. ஸ்டூலை அவர் பக்கம் காலாலேயே தள்ளிவிட்டாள்.

"வாங்க ஐயா. பட்டனா?"

அப்பா வாயைத் திறந்தார். கையை விரித்தார். உள்ளங்கையில் பிய்த்த பட்டன் இருந்தது.

"ஆமாம்மா. பட்டன்," என்றார்.

மகளுக்குத் தாங்கவில்லை. "அக்கா, எங்கப்பா உங்க தம்பியப் பத்தி…" என்று ஆரம்பித்தாள்.

தையலக்கா ஊசிபிடித்த கையைத் தூக்கி நிறுத்தினாள். "நீ சும்மா இரும்மா. நீ சொல்லிக் கேக்கவா நான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கேன்? இவரு யாருன்னு எனக்கு மொத நாளே தெரியும். மெடல் மாட்டிக்கிட்டு பேப்பர்ல வந்தாரே. மறக்கிற மூஞ்சியா அது. இன்னிக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு நானும் பட்டன் தைச்சுக்கிட்டே இருக்கேன்."

சட்டையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். அவரைப் பார்க்கவில்லை.

அப்பா ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அவன் ஓடலம்மா," என்றார். "உன் தம்பி ஓடவே இல்ல. உட்கார்ந்த இடத்துலயே சுட்டாங்க. கதவ நான்தான் திறந்தேன்." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மகளிடம் சொன்னதைவிட மெதுவாக, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒன்றையும் விடாமல். ஆஸ்பத்திரி என்று அவன் கேட்டதையும், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததையும், தான் ஓரமாகப் போய் நின்றதையும்.

ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் தையலக்கா கேட்டாள்.

"எம்பேரச் சொன்னானா?"

சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். யாரும் குறுக்கே நிற்கவில்லை. அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிடுங்கள் அப்பா என்று, பொய்யையே தொழிலாகத் தோண்டி எடுக்கிற மகள் உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"இல்லம்மா," என்றார் அப்பா. "ஆஸ்பத்திரி மட்டுந்தான் கேட்டான்."

தையலக்கா தலையாட்டினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பட்டனை இழுத்துப் பார்த்தாள், உறுதியாக நின்றது. சட்டையை மேஜைமேல் விரித்து, கையைச் சமமாக மடித்து, காலரை நீவி, கடையில் புதுச்சட்டை மடிக்கிற மாதிரி மடித்தாள். அவர் மடியில் வைத்தாள்.

"இனிமே கொண்டு வராதீங்க," என்றாள்.

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மிஷினுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள். அப்பா எழுந்திருக்க நேரம் பிடித்தது. மகள் கையைக் கொடுத்தாள். படி இறங்கும்போது அவர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். தையலக்கா பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா வெளியே போவதில்லை. போவதற்கு இடமும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், கொடுத்தால் சாப்பிடுகிறார். மகள் சட்டைகளைத் துவைத்து மடித்து அலமாரியில் வைக்கிறாள். ஒரு சட்டையிலும் ஒரு பட்டனும் பிய்வதில்லை. மேலிருந்து கீழ்வரை எல்லாம் முழுசாக இருக்கின்றன. அதைத்தான் அவளால் பார்க்க முடிவதில்லை.